ஈஸ்னோபீலியா: ஓர் அணுவின் பெயர் நம் வீட்டு நோயான கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சென்ற மாதம் பெரம்பலூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒருவர் வண்டியை நிறுத்தி இறங்கி, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். ஐம்பதைக் கடந்த மனிதர், காதோரம் நரை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. "1984ல ஏழாங் கிளாஸ் சார். நீங்கதான் என்னை வராண்டாவுல உக்கார வெச்சீங்க" என்றார். உடனே தெரிந்துவிட்டது. நாற்பது வருடமாக நான் மறக்க நினைத்த முகம் அது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொன்னதால், இங்கே 'தம்பி' என்றே எழுதுகிறேன்.

அப்போது பெரம்பலூர் ஒரு தாலுகாதான், மாவட்டம் திருச்சி. (1995ல் நாம் தனி மாவட்டமானோம். 2001ல் அரியலூர் பிரிந்தது, 2002ல் திரும்பச் சேர்ந்தது, 2007ல் மறுபடி பிரிந்தது. நான் வீடு மாறாமலேயே விலாசம் மட்டும் மாறிக்கொண்டிருந்த காலம்.) குன்னம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை. தம்பி ஓயாமல் இருமுவான். ராத்திரி முழுக்க இருமிவிட்டு, காலையில் வந்து பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குவான். உடம்பு ஒட்டிப் போயிருந்தது. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சலும் அடிக்கும். எனக்குத் தெரிந்த மருத்துவம் எல்லாம் அன்று ஒரே ஒரு சொல்தான்: டி.பி. மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் அவனை வராண்டா ஓரத்தில் தனியாக உட்கார வைத்தேன். ஒரு வாரம் கழித்து அவன் அம்மாவைக் கூப்பிட்டு, டாக்டர் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம் என்றேன். "அய்யா, எம்புள்ளைய செங்கிப்பட்டிக்கு அனுப்பிருவாங்களா?" என்று அந்தம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தஞ்சாவூர் போகும் வழியில் உள்ள காசநோய் மருத்துவமனை அது. நம் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரே நோயின் பெயராகிவிட்டிருந்தது.

டவுனில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். டி.பி. என்று முடிவு செய்து, தினம் ஒரு ஊசியும் மாத்திரையும் நான்கு மாதம் நடந்தது. சளியில் கிருமி இல்லை, இருமலும் நிற்கவில்லை. கடைசியில் திருச்சியில் வேறொரு டாக்டர் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னாடி எந்த ஊர்ல இருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவன் அப்பா கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்தவர். குடும்பம் சில வருடம் அங்கே இருந்திருக்கிறது. டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் இருமல் போய்விட்டது. பையன் அடுத்த வருடம் பள்ளிக்கு வந்தான், ஆனால் ஒரு வகுப்பு பின்னால்.

தம்பி அன்று என்னைக் கேட்டது ஒன்றுதான். "சார், எனக்கு வந்தது என்னதான் சார்? ஈஸ்னோபீலியான்னு சொன்னாங்க. அது என்ன நோயி?"

அதற்குப் பதில் தேடி ஒரு மாதம் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

ஈஸ்னோபீலியா! எழுபது, எண்பதுகளில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்காது. "என் பொண்ணுக்கு ஈஸ்னோபீலியா, தயிர் குடுக்கறதில்லை", "மாப்பிள்ளைக்கு ஈஸ்னோபீலியாவாமே" என்று டீக்கடையிலும் கல்யாணத்திலும் புழங்கிய சொல். வேடிக்கை என்னவென்றால், அது நோயின் பெயரே அல்ல. நம் ரத்தத்தில் ஓடும் ஒரு வெள்ளணு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

அந்த அணுவுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மானியர் பால் எர்லிஷ். ரத்தத்தை ஒரு சொட்டு கண்ணாடியில் தடவினால் வெள்ளணுக்கள் எல்லாம் ஒன்றுபோல மங்கலாகத்தான் தெரியும். துணிக்குப் போடும் தார்ச் சாயங்களை அவற்றின் மேல் விட்டுப் பார்த்தார் எர்லிஷ். ஒவ்வொரு வகை அணு ஒவ்வொரு சாயத்தை இழுத்துக்கொண்டது. ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொண்டு, உள்ளே செம்மணிகள் கொட்டியதுபோலத் தெரிந்த அணுவை 1879ல் 'ஈசினோஃபில்' என்றார், அதாவது ஈயோசினை விரும்புவது. அந்தச் சாயத்தின் பெயரோ கிரேக்கர்களின் விடியல் தேவதை ஈயோஸின் பெயரிலிருந்து வந்தது. வைகறைச் சிவப்பு, பிறகு துணிச் சாயம், பிறகு ரத்த அணு, கடைசியில் குன்னத்துப் பையனின் இருமல்!

அந்தச் செம்மணிகள் வெறும் அழகுக்கு இல்லை. புழுக்களைப் போல, மற்ற வெள்ளணுக்களால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய எதிரி உடம்புக்குள் வந்தால், இந்த அணு அதை ஒட்டிக்கொண்டு மணிகளில் உள்ள நச்சுப் புரதத்தை அதன்மேல் கொட்டும். புழு சாகும். பக்கத்தில் இருக்கும் நம் சொந்தத் திசுவும் வேகும். அது நுரையீரலாக இருந்தால் இருமல், இளைப்பு, மூச்சுத் திணறல்.

இனி நம் பக்கத்துக் கதை. ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் என்று ஒரு காசநோய் விடுதி, 1915ல் திறந்தது. தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் போன இடம். அதை நடத்தியவர் டென்மார்க்கிலிருந்து வந்த மிஷன் டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர். டி.பி. என்று சீட்டோடு வந்து சேர்ந்தவர்களில் சிலரது எக்ஸ்ரேயில் புள்ளிகள் இருந்தும் சளியில் கிருமி கிடைக்காததையும், ரத்தத்தில் ஈசினோஃபில் மட்டும் அளவு மீறி இருந்ததையும் அவர் கவனித்தார். 1940ல் அவரும் பார்ட்டன் என்ற மருத்துவரும் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்'டில் இதை எழுதினார்கள். அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'போலிக் காசம்' என்று சொல்லலாம்.

எக்ஸ்ரே புள்ளிகளைப் பற்றி ஒரு இடைச்செருகல். நுரையீரல் முழுக்கப் பரவும் ஒரு வகை டி.பி.க்கு 'மிலியரி' என்று பெயர். லத்தீனில் தினையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தினை இறைத்ததுபோல் புள்ளிகள் இருக்கும் என்பதால் அப்படிச் சொன்னார்கள். போலிக் காசத்திலும் ஏறக்குறைய அதே தினைதான். கம்பும் வரகும் தினையும் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரர்கள்கூட இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே 1984ல் டவுன் டாக்டர் ஏமாந்ததை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. ரத்தத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் உண்டு. என் குற்றம் வேறு. நான் எக்ஸ்ரேகூட இல்லாமலே தீர்ப்புச் சொன்னவன்.

1943ல் பம்பாயில் வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் இதே நோயை லண்டன் 'லான்செட்' இதழில் எழுதி, 'வெப்பநாட்டு ஈசினோபிலியா' என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர்தான் நிலைத்தது. மருந்து கிடைத்ததும் அவரிடம்தான், அதுவும் தற்செயலாக. இந்த இருமல் நோயாளி ஒருவருக்கு மேகநோயும் இருந்தது. அதற்காக ஆர்சனிக் கலந்த ஊசி போட்டார். மேகநோய்க்குப் போட்ட ஊசியில் இருமல் நின்றது! அந்த ஆர்சனிக் மருந்தின் வரிசையைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? அதே பால் எர்லிஷ். 1910ல் சால்வர்சான், 1912ல் நியோசால்வர்சான். தான் பெயர் வைத்த அணுவைத் தன் மருந்தே அடக்கும் என்று அவருக்குத் தெரியாது. 1915லேயே இறந்துவிட்டார்.

ஆனால் ஆர்சனிக் பாஷாணம்தானே. அது எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது. இன்னொரு மருந்து வேண்டியிருந்தது. அது வந்த வழியில் திருவல்லிக்கேணி இருக்கிறது.

எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895ல் பீமாவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தி அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தி வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றோடு வெளியே வந்தார். 1922ல் அமெரிக்கா போனார். பிற்பாடு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இருந்த குழுதான் 1947ல் யானைக்கால் புழுவுக்கு டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்தைக் கண்டது. விற்பனைப் பெயர் ஹெட்ராசான். நம் ஊர் மருந்துக்கடைகளில் பனோசைடு என்ற பெயரிலும் கிடைத்தது. தம்பிக்கு எழுதிக் கொடுத்தது இதைத்தான். சுப்பாராவ் 1948ல் காலமானார். அந்த மாத்திரை இருமலையும் நிறுத்தும் என்று தெரியவர இன்னும் சில வருடம் பிடித்தது. சிங்கப்பூர், மலாயா பக்கத்தில் பணியாற்றிய டாக்டர் டி. ஜே. தனராஜ் 1958ல் இதை விரிவாக எழுதினார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையைத் தொடங்கி வைத்தவர் அவர்.

யானைக்கால் மாத்திரைக்கு இருமல் ஏன் நிற்க வேண்டும்? அப்படியானால் இருமலுக்குக் காரணம் யானைக்கால் புழுவா? ஆனால் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் புழு இல்லையே! யானைக்கால் துறைக்காரர்கள் அந்தக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், நினைவிருக்கிறதா? அந்தப் புழுக்குஞ்சு ராத்திரியில்தான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும், கொசு கடிக்கும் நேரம் பார்த்து. அப்படி ராத்திரியில் எடுத்துப் பார்த்தாலும் இவர்கள் ரத்தம் சுத்தம்.

முடிச்சை அவிழ்த்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவர் ஜான் வெப், நோய்க்குறியியல் மருத்துவர்கள் சி. கே. ஜாப், கால்ட் மூவரும் 1960ல் 'லான்செட்'டில் எழுதிய கட்டுரையில், புழுக்குஞ்சுகளை நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றின் திசுவிலேயே காட்டினார்கள். புழு இருந்தது. ரத்தத்தில் சுற்ற விடாமல், உடம்பு அதைத் திசுக்களில் மடக்கி அழித்துக்கொண்டிருந்தது. யானைக்கால் ஊர்களில் பெரும்பாலானோர் உடம்பு இந்தப் புழுவோடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிடும். சிலர் உடம்பு மட்டும் சமாதானத்துக்கு ஒப்பாமல் சண்டை போடும். அந்தச் சண்டை நடக்கும் களம் நுரையீரல். ஆக, தம்பியின் உடம்பு பலவீனமானதல்ல. அளவுக்கு மீறிச் சண்டை போட்ட உடம்பு அது.

சண்டை எவ்வளவு கடுமையானது என்பதைச் சென்னை சேத்துப்பட்டில் எண்ணிப் பார்த்தார்கள். 1956ல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அங்கே இருக்கிறது. டி.பி.க்காரரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959ல் உலகுக்கு நிரூபித்த இடம். (செங்கிப்பட்டிப் பயத்தை ஒழித்திருக்க வேண்டிய ஆராய்ச்சி அது. கால் நூற்றாண்டு கழித்தும் எங்கள் பள்ளி வராண்டா வரைக்கும் வந்து சேரவில்லை.) அங்கே டாக்டர் வி. கே. விஜயன் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். நோயாளியின் மூச்சுக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இறக்கி, உப்புநீரை விட்டு, நுரையீரலின் உட்புறத்தைக் கழுவி அந்த நீரைத் திரும்ப எடுப்பது. பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பார்த்து என்ன சமையல் என்று சொல்வது போலத்தான். நல்ல நுரையீரலில் அந்த நீரில் ஈசினோஃபில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. இவர்களிடம் இருந்தது பாதிக்கு மேல்! 1987ல் அது வெளியானது. மாத்திரை கொடுத்து இரண்டு வாரத்துக்குள் அணுக்கள் மளமளவென்று குறைந்தன, மூச்சு ஊதும் அளவும் கூடியது.

இதே குழு 1990ல் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மூன்று வார மருந்து முடிந்து, இருமல் நின்று, குணமாகிவிட்டதாக வீட்டுக்குப் போனவர்களை மாதங்கள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு நுரையீரலைக் கழுவிப் பார்த்தார்கள். சிலருக்கு உள்ளே அழற்சி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அப்படிப் புகைந்தால் நுரையீரல் மெல்ல விறைத்து, விரியும் தன்மை குறையும். பழைய சைக்கிள் ட்யூபுக்கும் புது ட்யூபுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். பீடி, சிகரெட் பழக்கம் இல்லை. சின்ன வெங்காய மண்டி நடத்துகிறார். போன வருடம் குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை செய்து, "காத்துக் கொள்ளளவு கம்மி" என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் என்ன நோய் வந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த 1990ஆம் வருடத்து விஷயத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நுரையீரல் டாக்டரிடம் அவசியம் காட்டச் சொல்லியிருக்கிறேன். குழந்தையில் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. இருபது வயதுவாக்கில்தான் அதன் கொள்ளளவு உச்சத்துக்குப் போகும். வளரும் வயதில் பட்ட அடி, அந்த உச்சத்தையே குறைத்துவிடக்கூடும்.

இனி கதையின் இன்னொரு பக்கம், கொஞ்சம் கசப்பானது. ரத்தத்தில் ஈசினோஃபில் கூடுவதற்கு யானைக்கால் புழு ஒன்றுதான் காரணமா? இல்லவே இல்லை. வயிற்றுப் பூச்சி இருந்தாலும் கூடும். செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகும் பிள்ளையின் காலில் துளைத்து ஏறும் கொக்கிப்புழு, குடலுக்குப் போகும் வழியில் நுரையீரலைக் கடந்துதான் போகும். ஆஸ்துமாவிலும் இதே அணு கூடும். ஆனால் இருமலும் கூடிய ஈசினோஃபிலும் சேர்ந்தால் "ஈஸ்னோபீலியா, மூணு வாரம் மாத்திரை" என்பது நம் ஊர்களில் வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. ரத்த அணு மூவாயிரத்தைத் தாண்டினால்தான் அந்த நோயைச் சந்தேகிப்பார்கள். அறுநூறுக்கும் எழுநூறுக்கும்கூட அதே மாத்திரையை விழுங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு இருந்தது சாதாரண ஆஸ்துமா. அந்தச் சொல்லைப் பெற்றவர்கள் ஏற்கமாட்டார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால். "ஆஸ்துமான்னு சொல்லிராதீங்க சார், நாளைக்கு யாரு கட்டுவா? ஈஸ்னோபீலியான்னு சொல்லுங்க." இப்படிக் கேட்ட அம்மாவையும் எனக்குத் தெரியும். இன்று அதே இடத்தில் 'வீசிங்' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. பெயர் மாறினாலும் பயம் மாறவில்லை. உறிஞ்சும் மருந்து 1972லேயே வந்துவிட்டது. அதில் உள்ள ஸ்டீராய்டு செய்வதும் அந்த ஈசினோஃபிலை அடக்குவதைத்தான். அதை "பம்ப் வெச்சா பழகிரும்" என்று ஒதுக்கிய வீடுகளில் பிள்ளைகள் வருடக்கணக்கில் இளைத்துக்கொண்டே வளர்ந்தார்கள்.

உடம்பின் காவல்காரனே வீட்டை உடைக்கும் இந்தச் சங்கதி புழுவோடு நிற்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச் சளி கட்டும் ஆர்.எஸ். வைரஸ் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1966ல் அதற்கு ஒரு தடுப்பூசி செய்து குழந்தைகளுக்குப் போட்டார்கள். பிறகு அந்த வைரஸ் உண்மையாகவே தொற்றியபோது, ஊசி போட்ட குழந்தைகளில் பத்தில் எட்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. போடாத குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்துதான். இரண்டு குழந்தைகள் இறந்தன. அவற்றின் நுரையீரலைப் பார்த்தவர்கள் அங்கே ஈசினோஃபில்கள் இருந்ததையும் எழுதி வைத்தார்கள். தவறான விதத்தில் பயிற்றுவித்த காவல், காவலே இல்லாததைவிட மோசமாகப் போன கதை. அதற்குப் பின் நல்ல தடுப்பூசி வர ஐம்பது வருடத்துக்கு மேலானது. 2023ல் கர்ப்பிணிகளுக்குப் போட்டு, பிறக்கும் குழந்தையைக் காக்கும் ஊசிக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

யானைக்கால் நோய் நம் மாநிலத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டதால், தம்பிக்கு வந்த நோயை இன்றைய இளம் டாக்டர்கள் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். 2015 முதல் பள்ளிகளில் பூச்சி மாத்திரை நாள் வைத்து அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த நல்ல காரியங்களில் ஒன்று.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மறுநாள் காலை கூப்பிட்டார். அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது, காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு அந்தம்மா கேட்டது: "அப்ப அது ஒட்டற நோயே இல்லையா? நாலு மாசம் உனக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு வெச்சேனேடா. பாட்டிகிட்ட படுக்க விடலையே."

பிறகு போனை வாங்கி, "வாத்தியாரய்யா, நல்லா இருக்கீங்களா?" என்றார். நான் வராண்டாவைப் பற்றி ஆரம்பித்தேன். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "பொங்கலுக்கு வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை மகனிடம் கொடுத்துவிட்டார்.

போகிறேன். அடுத்த வாரம், பலர் கேட்டபடி, சாத்தனூர் கல்மரத்தைப் பற்றி.